கேட்டு வாங்கியதா, திருடியதா?

செம்பருத்திப் பூவின் மேல் தூசி படிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், தூசியேதான்.

ஈப்போவுக்குப் பக்கத்தில், சிம்பாங் பூலாயில், சுண்ணாம்பு மலையை உடைத்து லாரி லாரியாகக் கொண்டுபோகிறார்கள். அந்தச் சாலையோரத் தாமான் குடியிருப்புகளில் எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி இருக்கும். காரின் மேல், காயப்போட்ட துணியின் மேல், இலையின் மேல். செம்பருத்திப் பூவின் மேல் மட்டும் இருக்காது. காலையில் விரிந்து சாயங்காலம் சுருண்டு விழுகிற பூ அது. தூசி படிய அதற்கு நேரம் ஏது?

அப்படியானால் இந்தப் பூ நேற்றே விரிந்திருக்க வேண்டும். முந்தாநாளாகக்கூட இருக்கலாம். செங்கல் நிற இதழ், ஓரத்தில் வெளிறிய மஞ்சள், நடுவில் வெள்ளைக் கண். அந்த நிறத்தில், நம் மலேசிய வெயிலில், அப்படி நிற்கிற செம்பருத்தி எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அதை உண்டாக்கியவள் நான். அது எங்கள் ஆய்வுத் தோட்டத்தில், முள்கம்பி வேலிக்குள், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டிய செடி.

முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு எல்லோரும் மறுபடியும் மூக்கும் வாயுமாக நடமாடத் தொடங்கியிருந்த காலம் அது. நான் வடை வாங்கத்தான் காரை நிறுத்தினேன். வீட்டு வாசலில் மேசை போட்டுப் பலகாரம் விற்கும் அஞ்சலை அக்காவின் வடை அந்த வட்டாரத்தில் பேர்போனது. வடையைக் கையில் வாங்கிக்கொண்டு, சும்மா கேட்பதுபோல் செடி ஏது என்று கேட்டேன்.

“திருடுனது லா” என்றார், எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல். “கேட்டு வாங்குனா புடிக்குமா? திருடி வச்சாத்தான் தழைக்கும்.”

எங்கே என்று கேட்டதற்குச் சிரித்தார். திருடிய இடத்தைச் சொன்னால் செடி பட்டுப்போகுமாம். இதற்குமேல் என்ன கேட்பது? வடை ஆறிப்போனது.

சந்தேகம்தான் மூலதனம்

பூச்செடி உண்டாக்குகிறவள் என்றால் மென்மையான பிறவி என்று பலர் நினைக்கிறார்கள். வாசகர் ஒருவர்கூடப் போன வாரம் அப்படித்தான் எழுதியிருந்தார். ஐயா, இந்தத் தொழிலுக்கு முதல் தகுதி சந்தேகம்.

நாளை விரியப்போகும் மொட்டை இன்றைக்கே பிரித்து, மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்து, பை போட்டுக் கட்டுவோம். மறுநாள் காலை அப்பன் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு வைத்து, மறுபடியும் கட்டி, நூலில் அட்டை தொங்கவிடுவோம். வேலை அத்தோடு முடிந்தது. சந்தேகம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். பைக்குள் எறும்பு போயிருக்குமோ? தேன்சிட்டு கிழித்திருக்குமோ? என் விரலிலேயே வேறொரு செடியின் பொடி ஒட்டியிருந்ததோ?

மண்ணையும் நம்ப முடியாது. எங்கள் தோட்டம் ஒரு காலத்தில் ரப்பர் தீம்பார், அதாவது எஸ்டேட். பால்மரங்களை வெட்டி எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனால் அடியில் விட்டுப்போன வேரில் வெள்ளைப் பூஞ்சணம் இன்னும் உயிரோடு ஊர்ந்துகொண்டிருக்கிறது. இந்த வாரம் பச்சைப்பசேலென்று நிற்கும் செடி அடுத்த வாரம் மஞ்சளடித்துச் சாயும்.

“நீ பூசாரி குடுக்கிற விபூதியக்கூட மோந்து பாத்துட்டுத்தான் பூசுவே” என்பார் என் வீட்டுக்காரர். மோந்து பார்த்தால் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூணுநாள்

அந்தச் செடிக்குப் பதிவேட்டில் ஒரு நீண்ட எண் இருந்தது. தோட்டத்துப் பெண்கள் வைத்த பெயர் ‘மூணுநாள்’. பூ மூன்று நாள் நிற்கிறதே, அதனால் என்று மேலதிகாரிகளுக்கு விளக்கம் சொன்னோம். பெண்கள் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. நம் வீடுகளில் ‘அவளுக்கு மூணு நாள்’ என்றால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு யார் சொல்வது? ஒரு வெள்ளைக்கார விருந்தினர் அந்தப் பெயரை மிகுந்த மரியாதையோடு உச்சரித்துப் பழகினார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாமிக்கு அன்றலர்ந்த பூதான் ஆகும். நேற்று விரிந்து செடியிலேயே நின்ற பூவை இன்று பறித்தால் அது புதுப்பூவா, பழைய பூவா? தோட்டத்துப் பிள்ளையாருக்கு அதை வைக்கலாமா என்று பெண்களுக்குள் பெரிய வழக்கே நடந்தது. பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை.

சிரிப்புக்கு நடுவே ஒரு பெரிய பயம் இருந்தது. தோட்டத்தை நடத்தும் கம்பெனி அந்த நிலத்தில் வீடு கட்டப் பார்த்தது. பூ ஆராய்ச்சியால் என்ன லாபம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார்கள். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்கள்: மூணுநாளைப் புது ரகமாகப் பதிவு செய்து உரிமை வாங்கிவிட்டால் தோட்டம் தப்பும். இல்லாவிட்டால் மண்வாரி இயந்திரம் வரும். என் பாதி ஆயுள் அந்தப் பாத்திகளில்தான் இருந்தது. அவற்றின் மேலேயே கான்கிரீட் ஊற்றுவதை நான் நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருந்த வேளையில்தான் அந்தத் தூசிப் பூவைப் பார்த்தேன்.

மீன் நரம்பும் சிவப்பு நூலும்

தோட்டத்திலிருந்து ஒரு குச்சி வெளியே போவதென்றாலும் ஒருவருடைய அனுமதி வேண்டும். அவர் எங்கள் பிரிவுத் தலைவர் டாக்டர் சிவநேசன். ஈப்போவில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழர். சட்டைக் காலரில் அழுக்கு ஒட்டாமல் செடி நடக்கூடிய ஒரே மனிதர். எனக்கு ஒட்டுக்கட்டச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். அப்படிப்பட்டவர்மேல் சந்தேகப்படலாமா என்று கேட்காதீர்கள். நான் யார்மேல் படவில்லை?

காரணமும் இருந்தது. சித்தியவானில் ஒரு பெரிய நாற்றுப்பண்ணை. அதன் முதலாளியான தவுக்கே எங்கள் தோட்டத்துக்கு அடிக்கடி வருவார், சிவநேசனோடு மீன் சாப்பிடப் போவார். ஓய்வு பெற்றதும் டாக்டர் அங்கே ஆலோசகராகப் போகிறார் என்ற பேச்சும் அடிபட்டது. வெறுங்கையோடா போவார்? வேலியே பயிரை மேய்கிறது என்று முடிவு கட்டினேன்.

தூசிப் பூவைப் பார்த்த அன்றைக்கே போய்த் தாய்ச்செடியைச் சுற்றிப் பார்த்தேன். புதுக் காயம் எதுவும் இல்லை. பழைய தழும்புகளை அன்று நான் கவனிக்கவில்லை. இனிமேல் யார் கை வைத்தாலும் தெரியட்டும் என்று, கண்ணுக்குத் தெரியாத மீன்பிடி நரம்பைக் கிளைக்குக் கிளை இழுத்துக் கட்டினேன்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் என் நரம்பு அப்படியே இருந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே, இலைக்கு அடியில், மெல்லிய சிவப்பு நூல் ஒன்று கட்டியிருந்தது. நான் கட்டியதல்ல. என்னைப்போலவே வேறு யாரோ செடிக்குக் காவல் வைத்திருக்கிறார்கள். சிவப்பு நூல் டாக்டருடைய மேசையில்தான் இருக்கும்.

அட, இவர் என்னைச் சந்தேகப்படுகிறார்! எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. என்னைப் போய்ச் சந்தேகப்படலாமா? பிறகு இன்னொன்றும் தோன்றியது. திருடியவரே திருடனைத் தேடுவதுபோல் நூல் கட்டியிருக்கலாமே. அதற்குப் பிறகு காலையில் ‘வணக்கம் டாக்டர்’, ‘வணக்கம் கஸ்தூரி’ என்று சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வக்கீலின் ஒரே கேள்வி

செடி வெளியே நிற்பதை நான் கம்பெனியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். மறைத்துவிட்டுப் பின்னால் மாட்டிக்கொண்டால் எல்லாமே போகும். சொன்னேன். கம்பெனி வக்கீலைக் கூப்பிட்டார்கள். ஒல்லியான சீன இளைஞர், பேசும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார்.

சட்டத்தின் சந்துபொந்தெல்லாம் எனக்குத் தெரியாது. அவர் சொன்னதில் நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். உரிமைக்காரர் சம்மதித்து ஒரு செடி வெளியே போய், அது கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் பரவியிருந்தால், அது எப்படிப் புது ரகம் என்று போட்டிக்காரன் கேட்பான், பதில் சொல்வது சிரமம். ஆனால் யாரோ திருடிக்கொண்டு போயிருந்தால் அது உரிமைக்காரரின் குற்றமல்ல, புதுமை கெடாது. ஆகவே அவருக்கு வேண்டியது ஒரே பதில். கொடுத்ததா, எடுத்ததா?

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அஞ்சலை அக்கா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று சொன்னதைத்தான் இவர் டை கட்டிக்கொண்டு சொல்கிறார். கேட்டு வாங்கினால் பட்டுப்போகும், திருடினால்தான் தழைக்கும்.

டாக்டர் அந்தக் கூட்டம் முழுவதும் வக்கீலின் பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வேறு என் சந்தேகத்துக்குத் தீனி போட்டது.

அதற்குப் பிறகு அஞ்சலை அக்கா வீட்டுக்குப் போய்ப் போய் வடை தின்று எனக்கு நெஞ்செரிச்சல் வந்ததுதான் மிச்சம். ஒருநாள் அவராகவே மனமிறங்கினார். செடி இப்போது இடுப்புயரம், வேர் நன்றாக ஓடிவிட்டது, இனிச் சொன்னால் ஒன்றும் ஆகாது என்றார்.

“ஈப்போவுல சிலோன்காரவங்க வீடு ஒண்ணு. பொண்ணு பாக்க வாராங்கன்னு பலகாரம் போடக் கூப்பிட்டாங்க. கேட்டுக்குப் பக்கத்துல நின்னுச்சு, திரும்பி வாரப்ப ஒரு குச்சிய ஒடிச்சுப் பையில போட்டுக்கிட்டேன்” என்றார். “வாசல்ல டாக்டர்னு போர்டு இருக்கு. ஆனா மருந்து குடுக்க மாட்டாராம் லா.”

மருந்து கொடுக்காத டாக்டர் ஈப்போவில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

டீச்சர் வீட்டில்

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போனேன். இரும்புக் கதவுக்குப் பக்கத்தில், தொட்டியில்கூட இல்லை, தரையிலேயே மூணுநாள் ஆள் உயரத்துக்கு நின்றது. மறைத்து வைக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. இவ்வளவு காலம் இந்த வீட்டுக்குள் அவர் என்னை ஏன் கூப்பிடவில்லை என்பதற்கு அப்போது விடை கிடைத்ததாக நினைத்தேன்.

டாக்டரின் மனைவி புவனேஸ்வரி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. ஊருக்கே அவர் டீச்சர். கட்டுரைப் போட்டிக்கு நடுவராக இருந்தபோது, சொந்தத் தங்கை மகளின் கட்டுரைதான் நன்றாக இருக்கிறது என்று மற்ற நடுவர்கள் சொல்லியும், வீட்டில் யாரோ திருத்திக் கொடுத்திருக்கிறார்கள் என்று பரிசை மறுத்தவர். என்னைப்போலவே ஒரு பிறவி. அதனால் எனக்கு அவரைப் பிடிக்கும்.

அன்று கதவைத் திறந்து, “வாங்கோ பிள்ளை” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கூடத்தில் நானும் டாக்டரும் மட்டும். நான் சுற்றி வளைக்கவில்லை. அஞ்சலை அக்காவின் செடி, பலகாரம், குச்சி எல்லாவற்றையும் சொன்னேன்.

“நாளைக்கு வக்கீலுக்குப் பதில் சொல்லணும், டாக்டர். இந்தச் செடி இங்க எப்படி வந்துச்சு?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொண்டார். அவர் கொடுத்தேன் என்று சொன்னால் தோட்டம் போச்சு. இதை இந்தக் கூடத்தில் அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லாமல் விட்டவை எத்தனையோ உண்டு.

“கஸ்தூரி…” என்று ஆரம்பித்தார்.

தேத்தண்ணித் தட்டோடு டீச்சர் வந்து நடுவில் நின்றார்.

“அவரிட்டக் கேக்காதேங்கோ பிள்ளை. நான்தான் களவெடுத்தனான்.”

“புவனேஸ், நீ சும்மா இரு” என்றார் டாக்டர்.

“நான் ஏன் சும்மா இருக்க வேணும்? உங்களிட்டக் கேட்டால் தரமாட்டியள். தந்தாலும் செடி வராது. எங்கட ஆக்களும் அப்பிடித்தான் சொல்லுவினம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “கொரோனாவுக்கு முந்தின ஆயுத பூசையண்டு நீங்கள் எல்லாரும் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்க, நான் பின்னால போய் முறிச்சுக் கைப்பைக்குள்ள வச்சனான். எழுதித் தரவேணுமெண்டாலும் தாறன்.”

ஆயுத பூசை எங்கள் தோட்டத்தில் பெரிய கொண்டாட்டம். கத்தரிக்கோல், மருந்தடிக்கும் பம்பு, புல்வெட்டும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, எல்லோர் குடும்பமும் வந்து சாப்பிட்டுப் போகும். கதவு அன்று ஒருநாள்தான் திறந்து கிடக்கும். டீச்சர் வந்திருக்கிறார், பச்சைப் பட்டில் பார்த்த நினைவு இருக்கிறது. ஆனால் அது அந்த வருடமா, அதற்கு முந்திய வருடமா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

“எதால எடுத்தீங்க, டீச்சர்? கத்தியா?” என்றேன். கேட்க வேண்டாம் என்று நினைத்தும் வாய் கேட்டுவிட்டது.

“கையால” என்றார். கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னதுபோல் எனக்குப் பட்டது.

தேத்தண்ணியில் சர்க்கரை இல்லை. மூன்று பேரும் அதைச் சொல்லாமல் குடித்தோம். டாக்டர் மனைவியைப் பார்த்த பார்வையில் இருந்தது வெட்கமா, நன்றியா? அவர் முகத்தை மாதக்கணக்காக வேவு பார்த்தவள் நான், எனக்கே தெரியவில்லை. ஊரில் ஒருவரும் கைநீட்டி ஒரு குறை சொல்ல முடியாத அந்த அம்மாள், மறுநாள் வக்கீலுக்கு முன்னால் உட்கார்ந்து, தான் திருடியதாக அச்சுப்போன்ற கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். நான் எழுந்து போய் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன். அது மரியாதையாலா, பரிதாபத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வக்கீலுக்குத் திருப்தி. பிறகு மூணுநாளுக்கு உரிமை கிடைத்தது, தோட்டம் இன்னும் இருக்கிறது. சிவநேசன் ஓய்வு பெற்றார், சித்தியவானுக்கு ஆலோசகராகப் போகவில்லை. அஞ்சலை அக்காவின் செடியைக் கம்பெனி கண்டுகொள்ளவில்லை.

வெட்டிய வரிசை

டீச்சர் எழுதிக் கொடுத்ததற்கு அடுத்த நாள் காலையைப் பற்றித்தான் இதுவரை யாரிடமும் நான் பேசியதில்லை.

கையால் முறித்தால் பட்டை நார்நாராகக் கிழியும். கத்தி வைத்தால் சாய்வாக, வழவழவென்று இருக்கும். ஆறினாலும் அந்த வித்தியாசம் சில வருடங்களுக்கு மறையாது. தாய்ச்செடியில் நாங்கள் குச்சி எடுத்த இடங்களெல்லாம் கத்தி பட்டவை. கிழிந்த தழும்பு ஒன்றே ஒன்று இருந்தால் டீச்சர் சொன்னது உண்மை. ஒன்றுகூட இல்லையென்றால், வாழ்நாளெல்லாம் நேர்மையாக இருந்த ஒருவர் எங்கள் தோட்டத்துக்காகத் தன்னைத் திருடியாக்கிக்கொண்டார். போய்க் குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏழரை மணிக்குத் தோட்டத்தில் இருந்தேன். இலையில் பனி. செடி நிறையப் பூ. நாலடி தள்ளியே நின்றுவிட்டேன். தெரிந்துகொள்ள எனக்கு மனமில்லை.

எங்கள் தோட்டத்து மூத்த தொழிலாளி முனியாண்டி அண்ணனைக் கூப்பிட்டு, தாய்ச்செடி நின்ற வரிசை முழுவதையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, கிளைகளை அரவை இயந்திரத்தில் போடச் சொன்னேன்.

“இப்பவா? மழைகூட இல்லியேம்மா” என்றார் அவர். பதிவுச் சோதனைக்கு வேண்டிய நாற்றெல்லாம் அடுத்த பாத்தியில் இருக்கிறது, வெட்டுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கத்தியைத் தீட்டினார்.

கடைசிக் கிளை இயந்திரத்துக்குள் போகும்வரை நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பச்சை வாடை காற்றெல்லாம் அடித்தது.

பத்து மணிவாக்கில் டாக்டர் சிவநேசன் வந்தார். மொட்டைக் கட்டைகளாக நின்ற வரிசையைப் பார்த்தார். பருவம் தவறி ஏன் வெட்டினாய் என்று கேட்க வேண்டியவர் அவர். இலை ஒன்று அநியாயமாக உதிர்ந்தால்கூடக் காரணம் கேட்கிற மனிதர். என்ன சொல்வது என்று நானும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“நல்ல காரியம், கஸ்தூரி” என்றார்.

அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.